பின்னால் தொங்கும் சைக்கிள் யார் தலையில் விழும்?

மாலை மணி 6. ஸ்ரீரங்கம் மாம்பழச்சாலை முனை.

காவிரிப் பாலத்தை விட்டு இறங்கி ஒரு குட்டியானை வருகிறது. உள்ளே பீரோ, கட்டில், காஸ் அடுப்பு, மூட்டை முடிச்சு. வீடு மாற்றுகிறார்கள் போல! பின்கதவைச் சாய்த்துப் போட்டு, அதன் மேல் இரண்டு சைக்கிளைக் குறுக்கே சாத்தி இருக்கிறார்கள். இரண்டையும் பிடித்துக்கொண்டு இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் கயிறு. அதுவும் துணி காயப்போட்ட கயிறு!

வண்டி குலுங்கும்போதெல்லாம் சைக்கிள் ஆடுகிறது. ஹேண்டில்பார் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையை ஆட்டுகிறது. பெடல் தன்னால் சுற்றுகிறது.

அதற்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர். ஓட்டுகிறவர் ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போகும் ஒரு அம்மா. முன்னால் நிற்பது யூனிபாரம் போட்ட குழந்தை. அந்தச் சைக்கிளுக்கும் குழந்தையின் முகத்துக்கும் நடுவே 20 அடிகூட இருக்காது.

இது ஏதோ ஒரு நாள் கதை அல்ல. இந்தப் பாலத்தில் போய் வருகிற அத்தனை பேரும் பார்த்த காட்சிதான். பார்த்துவிட்டு, "ஐயோ, விழப் போகுதே!" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, ஒதுங்கிப் போகிறோம்.

டிரைவரைக் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும்.

"அண்ணே, பத்து வருஷமா இப்படித்தான் கட்டுறோம். ஒண்ணும் ஆவலை."

ஆகாத வரைக்கும் ஒன்றும் ஆகாதுதான்!

சைக்கிள் ஊர்

திருச்சி என்றைக்கும் சைக்கிள் ஊர். பொன்மலை ரெயில்வே பணிமனையில் சங்கு ஊதினால் ரோடு முழுக்கச் சைக்கிளாக ஓடிய காலம் உண்டு. பிறகு திருவெறும்பூர் பக்கம் பெல் தொழிற்சாலை வந்தது. அங்கேயும் சைக்கிள் கூட்டம்.

அப்போதெல்லாம் சைக்கிள் மனிதனைச் சுமந்தது. இப்போது வண்டி சைக்கிளைச் சுமக்கிறது.

வீடு மாற்றுகிறவர்கள் ஏற்றுகிறார்கள். பழைய சைக்கிள் வாங்கி விற்கிறவர்கள் ஏற்றுகிறார்கள். அரசு கொடுக்கும் விலையில்லாச் சைக்கிள் பள்ளிக்கூடங்களுக்கு வண்டி வண்டியாகப் போகிறது. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் டிராக்டர் டிரெய்லரின் பக்கப் பலகையில் சைக்கிளை மாட்டிவிட்டு மேலே ஏறிக்கொள்கிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏறுவதே தப்பு. அது வேறு கதை!

புதிதாக இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காருக்குப் பின்னால் கியர் சைக்கிளை மாட்டிக்கொண்டு முக்கொம்பு, கல்லணை, பச்சைமலை என்று கிளம்புகிறார்கள். உடம்புக்கு நல்லது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் லட்ச ரூபாய்ச் சைக்கிள் ஆனாலும், நாலாயிரம் ரூபாய்ச் சைக்கிள் ஆனாலும், கட்டு அவிழ்ந்தால் விழுகிற இடம் ஒன்றுதான். பின்னால் வருகிறவன் சக்கரத்தில்!

கண் மூடித் திறப்பதற்குள்

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகம் என்பது பெரிய வேகம் இல்லை. டவுன் பஸ் போகிற வேகம். ஆனால் அந்த வேகத்தில் ஒரு வண்டி ஒரே வினாடியில் 36 அடி கடந்துவிடும்.

பின்னால் வருகிற ஸ்கூட்டர் 20 அடி தள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் வண்டியில் இருந்து சைக்கிள் விழுகிறது. விழுந்ததைக் கண் பார்த்து, மூளைக்கு எட்டி, கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு வினாடி ஆகிவிடும். அதற்குள் ஸ்கூட்டர் சைக்கிள் மேல் ஏறி இருக்கும். விழுந்த சைக்கிள் கொஞ்சம் உருண்டு முன்னால் போனாலும் தப்பிக்க முடியாது.

சாதாரண ரோட்டில் என்றால் ஓரமாக ஒடிக்கலாம். பாலத்தில் எங்கே ஒடிப்பது? ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர். மறு பக்கம் எதிரே வருகிற பஸ்.

காவிரிப் பாலம் 1976-ம் ஆண்டு கட்டியது. அரை கிலோ மீட்டருக்கும் அதிகமான நீளம். 2022 செப்டம்பரில் பழுது பார்க்க மூடி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். அந்த ஆறு மாதம் ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சத்திரம் பஸ் நிலையத்தில் இருந்து ஸ்ரீரங்கம் போக ஊரைச் சுற்றினார்கள். ஒரு பாலம் அடைபட்டால் இரண்டு ஊரும் திண்டாடும் என்று அப்போது தெரிந்தது.

பாலத்து நடுவில் ஒரே ஒரு சைக்கிள் விழுந்தாலும் அதே கதைதான். முன்னால் ஒருவர் காயம். பின்னால் 200 வண்டி. அதற்குப் பின்னால் ஆம்புலன்ஸ்!

பின்பாரம், முன்பாரம்

"கட்டுறதுல என்னங்க இருக்கு? இறுக்கிக் கட்டினாப் போதாதா?" என்று கேட்கலாம்.

போதாது. கயிறு பாதிதான். பாரம் எங்கே இருக்கிறது என்பது மீதிப் பாதி. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். பழைய மாட்டு வண்டிக்காரரைக் கேட்டாலே போதும்.

வண்டியில் நெல் மூட்டை அடுக்கும்போது அவர் முதலில் பார்ப்பது நுகத்தடியைத்தான். மூட்டை முன்னால் அதிகமானால் முன்பாரம். மாட்டுக் கழுத்தில் நுகம் அழுத்தும். மூட்டை பின்னால் அதிகமானால் பின்பாரம். நுகம் மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். கொஞ்சம் மேடு வந்தால் வண்டி பின்பக்கமாகக் குடை சாயும். அதனால் பாரத்தை அச்சுக்கு மேலே வைத்து, கொஞ்சம் முன்பாரமாக விடுவார்கள். நுகம் கழுத்தில் லேசாக உட்காரும். வண்டி சீராக ஓடும்.

டிராக்டரும் டிரெய்லரும் அப்படித்தான். மாட்டுக்குப் பதில் எஞ்சின். நுகத்தடிக்குப் பதில் கொக்கி. டிரெய்லரின் வாலில் சைக்கிளைத் தொங்கவிட்டால் அது பின்பாரம். சைக்கிள் ஒன்று சுமார் 20 கிலோதானே என்று நினைக்கக்கூடாது. கிணற்று ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். கோடியில் இருக்கிற சின்னப் பாரம் நடுவில் இருக்கிற பெரிய பாரத்தைத் தூக்கும். அச்சில் இருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறதோ அவ்வளவு பலம் அதற்கு.

பின்பாரமான டிரெய்லர் என்ன செய்யும்? வாலை ஆட்டும்! மெதுவாகப் போகும்போது தெரியாது. வேகம் கூடினால் இடதும் வலதும் அலையும். அலைச்சல் கூடிக்கூடி இழுக்கிற வண்டியையே திருப்பிவிடும். டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடித்தால் இன்னும் மோசம். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும்.

வெளிநாட்டுக்காரன் எப்படிக் கட்டுகிறான்?

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் மேக்கப் போடும் வண்டி. இங்கிலாந்திலும், ஜெர்மனியிலும், நெதர்லாந்திலும் அது சாதாரணக் குடும்பத்தின் வண்டி. காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. லீவு விட்டால் பிள்ளை குட்டிகளோடு கிளம்பிவிடுவார்கள். கூடவே ஆளுக்கு ஒரு சைக்கிள். கேரளாவில்கூட 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டு வந்துவிட்டார்கள். நாளைக்கு நம் பக்கமும் அந்த மோகம் வரும்.

அங்கே நாலு சைக்கிளைத் தூக்கி வாலில் மாட்டிவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். மாட்டு வண்டிக்காரர் பார்க்கிற அதே கணக்கை அவர்களும் பார்க்கிறார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 100-க்கு 5 முதல் 7 பங்கு வரை கொக்கியில் அமுங்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆயிரம் கிலோ வண்டி என்றால் 50 முதல் 70 கிலோ. அமெரிக்காவில் இன்னும் அதிகம், 10 முதல் 15 பங்கு. நம்ம ஊர் முன்பாரம்தான், வேறு என்ன?

அதனால் சைக்கிளை வண்டிக்குள்ளே அச்சுக்கு மேலே தரையில் வைப்பார்கள். இல்லாவிட்டால் கொக்கிப் பக்கம், முன்னால் இருக்கிற சட்டத்தில் நிறுத்துவார்கள். பின்னால் மாட்டுவது கடைசி வழி. அதுவும் வண்டி செய்த கம்பெனி இடம் கொடுத்தால்தான். இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது என்று அளவு போட்டிருக்கும். சைக்கிள் மறைத்தால் விளக்கும் நம்பரும் உள்ள தனிப் பலகை ஒன்றை அதற்கும் பின்னால் மாட்ட வேண்டும்.

இங்கே? பின்னால் போகிற வண்டி டி.என். 45-ஆ, 48-ஆ என்றுகூடத் தெரியாமல் சைக்கிள் மறைத்துக்கொண்டு போகிறது. பிரேக் விளக்கு எரிகிறதா என்பது கடவுளுக்கே வெளிச்சம்!

சட்டம் தூங்கவில்லை

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

லாரிக்குப் பின்னால் கம்பியை ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொண்டு போகலாம் என்று முன்பு விதியில் ஒரு சலுகை இருந்தது. கம்பி குத்திச் செத்தவர்கள் ஏராளம். 2014-ல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அளவுக்கு மீறிப் பக்கத்திலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ சரக்கு நீட்டிக்கொண்டு இருந்தால் அபராதம் ரூ.20 ஆயிரம். சரக்கை இறக்கும் கூலியும் அவரே கொடுக்க வேண்டும். ஓட்டியவர் மட்டும் அல்ல, ஓட்டச் சொன்னவரும் குற்றவாளிதான்.

யாராவது செத்தால் அது தனி வழக்கு. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல். 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 5 ஆண்டு வரை ஜெயில். பழைய சட்டத்தில் 2 ஆண்டாக இருந்தது.

சைக்கிள் விலை 5 ஆயிரம். அபராதம் 20 ஆயிரம். ஜெயில் 5 வருஷம். ஒரு நல்ல பட்டைக் கயிறு சில நூறு ரூபாய்! எது லாபம் என்று கடைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

ஏழை வயிற்றில் அடிப்பதா?

இங்கேதான் ஒரு சிக்கல்.

"கூலிக்கு வண்டி ஓட்டுறவன் கிட்ட 20 ஆயிரம் கேட்டா அவன் எங்கே போவான்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த ஆள் ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் டீசல், வாடகை போக மிஞ்சுவது சில நூறுதான். 20 ஆயிரம் என்றால் எழுதுகிற போலீஸ்காரருக்கே கை நடுங்கும். கடைசியில், "போப்பா, பார்த்துப் போ" என்று விட்டுவிடத் தோன்றும்.

ஏழைக்கு இரக்கம் காட்டியதாக நினைப்பு. ஆனால் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் யார்? அவரும் ஏழைதான். காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி எடுக்கப் போகிற பெட்டிக்கடைக்காரர். ஸ்ரீரங்கத்தில் இருந்து பூக்கூடையோடு வருகிற பூக்காரம்மா. மாதச் சம்பளத்தை நம்பி இருக்கிற குமாஸ்தா. அவர் கால் முறிந்தால் மூன்று மாதம் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு ஏழைக்குக் காட்டிய இரக்கம் இன்னொரு ஏழையின் காலை ஒடிக்கலாமா?

அதனால் அபராதச் சீட்டை முதலில் நீட்ட வேண்டாம். விட்டுவிடவும் வேண்டாம். மறித்து நிறுத்துங்கள். "இறக்கிக் கட்டு. கட்டினால்தான் பாலம்" என்று சொல்லுங்கள். அண்ணா சிலைப் பக்கம் ஒரு இடம், மாம்பழச்சாலைப் பக்கம் ஒரு இடம். நாலு பட்டைக் கயிறு போலீசாரிடம் இருந்தால் போதும். கட்டத் தெரியாதவனுக்குக் கட்டிக் காட்டுங்கள். இரண்டாவது தடவையும் அதே வண்டி அதே கோலத்தில் வந்தால் அப்புறம் சட்டப்படி எழுதுங்கள். அப்போது யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அரை மணி நேரம் ரோட்டு ஓரத்தில் நின்று கட்டியவன் மறு நாள் வீட்டிலேயே கட்டிக்கொண்டு வருவான்!

எப்படிக் கட்டுவது?

சைக்கிளின் நீளம் சுமார் 6 அடி. குட்டியானையின் அகலம் சுமார் 5 அடி. குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் நீட்டத்தான் செய்யும். ஆனால் அந்த வண்டியின் தொட்டி நீளம் 7 அடிக்கு மேல். நீளவாக்கில் நிறுத்தினால் சைக்கிள் உள்ளேயே அடங்கிவிடும். முதலில் சைக்கிளை ஏற்றிவிட்டு, அப்புறம் பீரோவை ஏற்றுங்கள். கடைசியில் நினைவு வந்து சைக்கிளை ஏற்றுவதால்தான் அது வெளியே தொங்குகிறது.

காருக்குப் பின்னால் மாட்டுகிறவர்களும் அளந்து பாருங்கள். சாதாரணக் காரின் அகலம் ஐந்தரை அடி. முன் சக்கரத்தைக் கழற்றினால் சைக்கிள் அதற்குள் அடங்கும். கழற்றாவிட்டால் சக்கரம் வெளியே நீட்டும்.

இரண்டு மூன்று சைக்கிள் என்றால் தலை மாற்றி வையுங்கள். ஒன்றின் ஹேண்டில்பார் பக்கம் மற்றதன் கேரியர் வர வேண்டும். நடுவில் பழைய சாக்கு வையுங்கள். உராயாது.

மூன்று இடத்தில் கட்டுங்கள். சீட்டுக்குக் கீழே சட்டத்தில் ஒன்று. ஹேண்டில்பாருக்குக் கீழே சட்டத்தில் ஒன்று. பின் சக்கரத்தில் ஒன்று. சக்கரத்தை மட்டும் கட்டினால் அது உருளும், கட்டு தளரும். முன் சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு சின்னக் கயிறு போட்டால் ஹேண்டில்பார் ஆடாது.

பிளாஸ்டிக் கயிறு வழுக்கும். சணல் கயிறு ஓட ஓடத் தளரும். பழைய டியூப் ரப்பர் இழுபடும். லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பட்டைதான் நல்லது. கிடைக்காவிட்டால் கெட்டியான பருத்திக் கயிறு. உருவாஞ்சுருக்கு கூடவே கூடாது. லோடுமேன்கள் கயிற்றை மடக்கிப் போட்டு, காலை ஊன்றி இழுத்து இறுக்குவதைப் பார்த்திருப்பீர்களே, அப்படி இறுக்க வேண்டும்.

காற்றடிக்கும் பம்ப், தண்ணீர்ப் பாட்டில், கூடை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வையுங்கள். பேட்டரி சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். கனமும் குறையும். மழையில் நனையவும் செய்யாது.

விளக்கும் நம்பரும் வெளியே தெரிய வேண்டும். இருட்டில் சிவப்பு விளக்கு கட்டாயம் எரிய வேண்டும்.

கிளம்பி 5 கிலோ மீட்டர் போனதும் இறங்கி, கட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். சமயபுரம் பக்கம் போகிறவர்கள் நம்பர் 1 டோல்கேட்டில் நிறுத்தலாம். ஒரு டீ குடிக்கிற நேரம்தான்!

யார் கையில் இருக்கிறது?

சைக்கிள் கடைக்காரர்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. புதுச் சைக்கிளை வண்டியில் ஏற்றிவிடும்போது, "கயிறு இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால் ஒரு பட்டையை விற்றுவிடுங்கள். வியாபாரமும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. விலையில்லாச் சைக்கிள் கொடுக்கிற அன்று, தூரத்து ஊர்ப் பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்து ஏழெட்டுச் சைக்கிளை ஏற்றிப் போவது உண்டு. சந்தோஷத்தில் அடுக்குவார்கள். கேட்டை விட்டு வெளியே போகும் முன்னால் வாத்தியார் ஒருவர் கட்டைப் பார்த்துவிட்டு அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

பின்னால் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சைக்கிள் தொங்குகிற வண்டியைக் கண்டால் முந்துவதற்காக ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். தள்ளியே வாருங்கள். சிக்னலில் நிற்கும்போது, "அண்ணே, கட்டு தளர்ந்திருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால்தான் என்ன?

ஆடி 18 வந்தால் அம்மா மண்டபம் நிறையும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தால் ஸ்ரீரங்கம் நிறையும். சித்திரையில் சமயபுரம் தேர். குட்டியானையும், டிராக்டரும், வேனும் பாலத்தை அடைத்துக்கொண்டு வரும். கூட்டம் வந்த பிறகு மைக் பிடித்துக் கத்துவதைவிட, இப்போதே பழக்கிவிடுவது மேல்.

கட்டுகிறவனுக்கு அது தன் சைக்கிள். கீறல் விழக்கூடாது என்று கட்டுகிறான். அது போதாது. பின்னால் வருகிற குழந்தைக்காகவும் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும்.

அந்த ஒரு சுற்றுக்கு ஆகிற நேரம் அரை நிமிஷம்!